உங்கள் தொழிலறிவு உங்கள் தெருவுக்கும் வேண்டும்: குடியிருப்போர் நலச் சங்கத்தில் இணைந்து பணியாற்ற ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டு நகரங்களில் குடியிருப்போர் நலச் சங்கங்களைத் தாங்கி நிற்பவர்கள் பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள். மாநகராட்சியின் மண்டல அலுவலகத்துக்குப் போய்க் காத்திருக்கவும், குடிநீர் வாரியப் பொறியாளரை நேரில் பார்த்துப் பேசவும் அவர்களுக்குத்தான் நேரம் இருக்கிறது. பணியில் இருக்கும் வழக்கறிஞரும் மருத்துவரும் மென்பொருள் பொறியாளரும் ஆண்டுச் சந்தாவைக் கட்டிவிட்டு, அள்ளப்படாத குப்பையின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவதோடு நின்றுவிடுகிறார்கள். இதற்கு அக்கறைக் குறைவு காரணம் என்று நான் நினைக்கவில்லை. தம்மிடம் உள்ள எந்தத் திறன் தெருவுக்கு உதவும், அதை எந்த வழியில், எவ்வளவு நேரத்துக்குக் கொடுக்கலாம் என்பதை அவர்களிடம் யாரும் தெளிவாகச் சொன்னதில்லை. அதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

சென்னையில் 1989-இல் எக்ஸ்னோரா அமைப்பைத் தொடங்கிய எம்.பி. நிர்மல் வங்கிப் பணியில் இருந்தவர். தெருவாசிகள் மாதந்தோறும் பணம் போட்டு, மூன்று சக்கர வண்டியோடு ஒரு பணியாளரை அமர்த்தி, வீடு வீடாகக் குப்பை எடுக்கச் செய்யும் முறை அந்த அமைப்பின் வழியாகத்தான் நகரின் பல பகுதிகளுக்குப் பரவியது. பெங்களூரில் 2001-இல் ஜனாக்கிரகா என்ற குடிமக்கள் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரமேஷ் ராமநாதனும் வங்கித் துறையிலிருந்து வந்தவர்தான். மாநகராட்சி தன் வரவு செலவைக் காலாண்டுக்கு ஒரு முறை மக்கள் முன் வைக்க வேண்டும் என்று 2002-இல் அந்த அமைப்பு வேறு சில அமைப்புகளோடு சேர்ந்து ஓர் இயக்கம் நடத்தியது. கணக்கைப் படித்துப் பழகியவர்களுக்கு இயல்பாகத் தோன்றும் கேள்வி அது. அந்தக் கேள்வியைப் பொதுவெளியில் கேட்டதுதான் அவர்கள் செய்த புதிய காரியம்.

சேருவதற்கு முன் பார்க்க வேண்டியவை

முதலில், உங்கள் பகுதியில் இருப்பது எந்த வகைச் சங்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் உரிமையாளர் சங்கம் மின்தூக்கி, தண்ணீர்த் தொட்டி, காவலாளி ஆகியவற்றைக் கவனிப்பது. அதன் வேலை பெரும்பாலும் மதில் சுவரோடு முடிந்துவிடும். பல தெருக்கள் கொண்ட குடியிருப்புப் பகுதியைத் தழுவிய நலச் சங்கமோ சாலை, வடிகால், தெருவிளக்கு, பூங்கா, ஏரி ஆகியவற்றுக்காக அரசோடு பேசுவது. இந்தக் கட்டுரை இரண்டாம் வகையைப் பற்றியது.

தமிழ்நாட்டில் இத்தகைய சங்கங்கள் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யப்படுகின்றன. பதிவு செய்ய ஏழு பேர் போதும். செயற்குழுவில் மூன்று பேராவது இருக்க வேண்டும்; அதன் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது. ஆகவே, சேர்வதற்கு முன் செயலாளரிடம் துணை விதிகளின் நகல், கடைசிப் பொதுக்குழுவின் தீர்மானங்கள், தணிக்கை செய்த கணக்கு ஆகிய மூன்றையும் மரியாதையோடு கேட்டு வாங்கிப் படியுங்கள். தேர்தல் நடந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தாலோ பதிவாளரிடம் ஆண்டு அறிக்கை கொடுக்கப்படாமல் இருந்தாலோ, நீங்கள் செய்யக்கூடிய முதல் உதவி அதைச் சீராக்குவதுதான். ஆவணம் சரியில்லாத சங்கம் என்ன மனு கொடுத்தாலும், அதை ஒதுக்கிவைக்க அலுவலகத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

அரசுப் பணியில் இருப்பவர்கள் தங்கள் நடத்தை விதிகளைப் பார்த்துக்கொண்டு சேர வேண்டும். மாநில அரசு ஊழியர்களுக்கு 1973-ஆம் ஆண்டின் விதிகள் பொருந்தும். உங்கள் துறையின் மீதே புகார் எழும் சூழலில் சங்கத்தின் சார்பாகக் கையெழுத்திடுவதைத் தவிர்த்து, பின்னணி வேலைகளை ஏற்றுக்கொள்வது நல்லது.

முதல் சில மாதங்கள்

அலுவலகத்தில் முப்பது பேரை நிர்வகிப்பவர் சங்கத்துக்கு வந்ததும், இங்கே எதுவுமே முறையாக நடக்கவில்லை என்று பேசத் தொடங்கிவிடுகிறார். பத்து ஆண்டுகளாகப் பால் வாங்கப் போகும் வழியில் வார்டு அலுவலகத்திலும் எட்டிப் பார்த்துவிட்டு வரும் பெரியவரின் முகம் அத்தோடு சுருங்கிவிடும். அதன்பின் நீங்கள் சொல்லும் நல்ல யோசனையும் எடுபடாது. ஆகவே தொடக்கத்தில் பதவி எதையும் கேட்காதீர்கள். கூட்டத்துக்கு நேரத்தோடு போய் உட்கார்ந்து, குறிப்பெடுத்து, பழைய தீர்மானப் புத்தகங்களை வாங்கிப் படியுங்கள். இப்போது நீங்கள் சொல்லவிருக்கும் தீர்வை இதற்கு முன்பே முயன்று பார்த்து, அது ஏன் நின்றுபோனது என்பதும் பெரும்பாலும் அந்தப் புத்தகத்திலேயே இருக்கும்.

தெருவை நடந்து பாருங்கள். எந்த வீட்டு வாசலில் தண்ணீர் முதலில் தேங்குகிறது, எந்தக் கம்பத்து விளக்கு எரிவதில்லை, குடிநீர்க் குழாயின் வால்வு எங்கே புதைந்திருக்கிறது என்பதை அறிந்தவர்களோடு நடப்பது இன்னும் நல்லது. அவர்களில் பலர் பிளம்பர்களாகவும் எலெக்ட்ரீஷியன்களாகவும் கொத்தனார்களாகவும் துப்புரவுப் பணியாளர்களாகவும் இருப்பார்கள். பல்வேறு தொழில் செய்வோர் சங்கத்துக்கு வர வேண்டும் என்று பேசும்போது மருத்துவர், பொறியாளர், வழக்கறிஞர் என்று பட்டம் பெற்றவர்களை மட்டும் எண்ணுவது பெரிய குறை. மழைநீர் வடிகாலின் ஓட்டம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை ஒரு கொத்தனார் தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலை வைத்து அரை மணி நேரத்தில் காட்டிவிடுவார். வடிகாலின் வெளிமுனை உள்முனையைவிட நான்கு விரற்கடை உயரமாக இருப்பது அப்படித் தெரிய வந்தால், தண்ணீர் ஏன் திரும்பி வருகிறது என்று அதன்பின் யாரும் வாதிட வேண்டியிருக்காது.

யார் எதைக் கொடுக்கலாம்

கட்டுமானத் துறையில் இருப்பவர்களுக்குத்தான் வேலை அதிகம். சாலைப் பணியை எடுத்துக்கொள்வோம். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும், வீடுகள் பள்ளத்தில் போகும்படி சாலை மட்டம் உயரக் கூடாது என்று 2021 மே மாதத்தில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். உத்தரவு இருக்கிறது, அது நம் தெருவில் நிறைவேறியதா என்பதைக் காட்ட அளவு வேண்டும். சாலை போடும் செய்தி வந்ததுமே, தெருவில் ஐந்தாறு வீடுகளின் வாசற்படியிலிருந்து சாலைவரை உள்ள உயரத்தை டேப் வைத்து அளந்து, டேப்பும் கதவு எண்ணும் தெரியும்படி படம் எடுத்து, தேதியோடு எழுதி வையுங்கள். பணி முடிந்ததும் அதே இடங்களில் மீண்டும் அளந்துபாருங்கள். முன்பு முப்பது சென்டிமீட்டர் இருந்த படி இப்போது இருபத்தைந்தாகக் குறைந்திருந்தால், சுரண்டாமல் போட்டிருக்கிறார்கள் என்று சொல்ல வேறு சான்று தேவையில்லை.

அடுத்து பணி ஆணை, மதிப்பீடு, அளவுப் புத்தகம் ஆகியவற்றின் நகலைக் கேட்டுப் பெற வேண்டும். பொறியாளர்கள் எம்-புக் என்று சொல்லும் அளவுப் புத்தகத்தில்தான் எத்தனை மீட்டர் நீளத்துக்கு, எவ்வளவு கனத்தில் சாலை போட்டதாகப் பதிவாகி, எவ்வளவு தொகை கொடுக்கப்பட்டது என்பது இருக்கும். அதைப் படித்துப் பொருள் சொல்லக்கூடிய ஒருவர் சங்கத்தில் இருந்தால், கூட்டத்தில் பேச்சின் தன்மையே மாறிவிடும். சாலை சரியில்லை என்ற முறையீட்டுக்கு ஆயிரம் பதில் சொல்லலாம். குறிப்பிட்ட பக்கத்தில் நாற்பது மில்லிமீட்டர் என்று இருக்கிறது, எங்கள் தெருவின் ஓரத்தில் இருபதுதான் இருக்கிறது என்ற கேள்விக்கு அளந்துதான் பதில் சொல்ல வேண்டும். ஒப்பந்தக்காரர் குறிப்பிட்ட காலம்வரை தன் செலவில் பழுது பார்க்கக் கடமைப்பட்ட காலவரையறையும் ஒப்பந்தத்திலேயே இருக்கும். அது முடியும் தேதியைக் குறித்துவைத்து, அதற்கு முன்பே குறைகளை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

கணக்கு தெரிந்தவர்கள், அதாவது ஆடிட்டர்களும் வங்கி ஊழியர்களும், சங்கத்தின் கணக்கை நேராக்குவதில் தொடங்கலாம். வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து, ஒவ்வொரு செலவுக்கும் ரசீது, மாதந்தோறும் ஒரு பக்கக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுதல் ஆகியவை போதும். செயற்குழுவில் இருப்பவரே தணிக்கையும் செய்யக் கூடாது. இதைவிடப் பெரிய பணி ஒன்றும் உண்டு. நமக்கு நாமே திட்டத்தில் பூங்காவோ நீர்நிலையோ சீரமைக்க விரும்பும் மக்கள், பொதுவாகப் பணி மதிப்பில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைத் தர வேண்டும். மீதியை அரசு தரும். அந்தப் பங்கைத் திரட்டுவதற்குத் தெருவாசிகளின் நம்பிக்கை வேண்டும். வெளிப்படையான கணக்கு பல ஆண்டுகள் தொடர்ந்து வந்திருந்தால்தான் அந்த நம்பிக்கை வரும்.

வழக்கறிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். வழக்குப் போடுவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால், சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் கீழ் இயங்கும் நிரந்தர மக்கள் நீதிமன்றத்தை நினைவில் கொள்ளுங்கள். தண்ணீர், மின்சாரம், பொதுத் துப்புரவு போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகள் குறித்த தகராறுகளை, அவை வேறு நீதிமன்றத்துக்குப் போகும் முன், நீதிமன்றக் கட்டணம் இல்லாமல் அங்கே கொண்டுபோகலாம். குடியிருப்போர் பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அதை விளக்கிச் சொன்னாலே பெரிய உதவி.

மருத்துவர்களும் செவிலியர்களும் டெங்கு காலத்தில் செய்யக்கூடியது நிறைய. ஏடிஸ் கொசுவின் முட்டை, கொசுவாக வளர ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள்வரை ஆகும் என்பதால், வாரம் ஒரு நாள் மொட்டைமாடி, தொட்டி, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றில் தேங்கிய நீரைக் கொட்டிவிட்டால் அதன் வளர்ச்சியைத் தெருவளவிலேயே அறுத்துவிடலாம். இதை மருத்துவர் ஒருவர் வாசலில் நின்று சொல்லும்போது கேட்பது போல வேறு யார் சொன்னாலும் மக்கள் கேட்பதில்லை.

ஆசிரியர்கள், பத்திரிகையாளர்கள், எழுத்து வேலை தெரிந்தவர்கள் மனுக்களை எழுதித் தரலாம்; மென்பொருள் துறையினர் புகார் எண்களையும் தேதிகளையும் ஒரு விரிதாளில் தொகுத்து, எது எத்தனை நாளாக நிலுவையில் இருக்கிறது என்பதை மாதந்தோறும் செயலாளருக்கு ஒரே பக்கத்தில் தரலாம். தனியாக ஒரு செயலி செய்து தருகிறேன் என்று தொடங்க வேண்டாம். அதைப் பராமரிக்க ஆளில்லாமல் போகும். பெரியவர்கள் அதைத் திறக்கவும் மாட்டார்கள்.

பல தொழிலினர் ஒன்றுசேர்ந்து செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டென்றால் அது வெள்ளத்துக்கான முன்தயாரிப்பு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் தரைத்தளத்தில் இருந்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்த எவரும் அதை ஒத்திப்போட மாட்டார்கள். அக்டோபர் மாதத்துக்குள் தாழ்வான வீடுகளின் பட்டியலை எடுங்கள். அவற்றில் படுத்த படுக்கையாக இருப்பவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், கர்ப்பிணி, தனியாக வாழும் முதியவர் யார் யார் என்பதையும், அவர்களை எந்த வீட்டு மாடிக்கு யார் அழைத்துப் போவது என்பதையும் எழுதி வையுங்கள். ஆசிரியர் வீடு வீடாகப் போய்க் கேட்கலாம். மருத்துவர் முன்னுரிமை வரிசையைத் தீர்மானிக்கலாம். எலெக்ட்ரீஷியன் எந்த மின்பெட்டிகள் தாழ்வாக இருக்கின்றன என்று சொல்லி மின்வாரியத்துக்கு எழுதச் செய்யலாம். நோயாளிகள் பற்றிய விவரம் அந்தரங்கமானது. அந்தப் பட்டியல் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக் கூடாது. இரண்டு பிரதிகள் மட்டும் தாளில் இருக்கட்டும், பொறுப்பேற்ற இருவரின் கையில்.

மனு எழுதும் முறை

அரசு அலுவலகத்தில் ஒரு மனு எப்படி நகர்கிறது என்பதை நினைத்துக்கொண்டே அதை எழுத வேண்டும். ஒரு மனுவில் ஒரு பிரச்சினை மட்டும் இருக்கட்டும். சாலை, விளக்கு, நாய்த் தொல்லை மூன்றையும் ஒரே தாளில் எழுதினால், மூன்று பிரிவுகளில் எந்தப் பிரிவும் அதைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளாது. "எங்கள் தெருவில் விளக்குகள் எரிவதில்லை" என்று எழுதுவதற்குப் பதிலாக, எந்தக் கம்ப எண்ணுள்ள விளக்குகள், எந்தத் தேதியிலிருந்து எரியவில்லை, சென்னை மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் பதிவு செய்த புகார் எண் என்ன என்பதைக் குறிப்பிடுங்கள். அப்படி எழுதிய மனுவை உதவிப் பொறியாளர் தன் களப் பணியாளரிடம் அப்படியே கொடுத்துவிடலாம். ஒப்புகை பெறாமல் எந்த மனுவையும் கொடுக்காதீர்கள். உதவிப் பொறியாளர், செயற்பொறியாளர், மண்டல அலுவலர் என்று படிப்படியாகப் போங்கள். எடுத்த எடுப்பில் ஆணையருக்கு எழுதினால் அது கீழே இறங்கி அதே உதவிப் பொறியாளரிடம்தான் வந்து சேரும், அவருக்கு மனத்தாங்கலும் மிஞ்சும்.

பதில் வராதபோது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. கட்டணம் பத்து ரூபாய்; நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தவறினால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடும், அதன் பிறகு 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம். இந்த உரிமை குடிமக்களுக்கு உரியது என்பதால், விண்ணப்பத்தைச் சங்கத்தின் பெயரில் போடாமல் ஒருவர் தம் சொந்தப் பெயரில் போடுவது பாதுகாப்பு. ஏன் சாலை போடவில்லை என்று கேட்டால் விளக்கம் தரத் தேவையில்லை என்று மறுத்துவிடலாம். ஆவணத்தின் நகலைக் கேட்டால் அப்படி மறுக்க இயலாது. நடக்கும் பணியை நேரில் பார்வையிடவும் பொருள்களின் மாதிரியைப் பெறவும் இதே சட்டம் இடம் தருகிறது என்பதைப் பொறியாளர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

1992-இல் நிறைவேறிய 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் 2022-இல்தான் வந்தன; அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று, வார்டின் ஒவ்வொரு பகுதிக்கும் உரிய மக்கள் கூட்டங்களான ஏரியா சபைக் கூட்டங்கள் நடந்தன. மாமன்ற உறுப்பினரின் முன்னிலையில், அதிகாரிகள் இருக்கும்போது, குடிமக்கள் எழுந்து பேசக்கூடிய இடம் அது. அங்கே எல்லோரும் எல்லாவற்றையும் பேசினால் எதுவும் பதிவாகாது. இரண்டு கோரிக்கைகளை முன்கூட்டியே முடிவு செய்து, அவற்றை விவரம் அறிந்த ஒருவர் தாளைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் சொல்லட்டும். கூட்டக் குறிப்பில் அவை எழுதப்பட்டனவா என்று இன்னொருவர் உறுதி செய்யட்டும்.

தள்ளி நிற்க வேண்டிய இடங்கள்

தொழிலோடு வருபவர்கள் தொழில் ஆதாயத்தோடும் வரலாம். சங்கத்தின் பூங்கா வேலையைச் சங்க உறுப்பினரான ஒப்பந்தக்காரரே எடுப்பது, நில விற்பனையில் இருப்பவர் ஏரிக்கரைப் பிரச்சினையில் கருத்துச் சொல்வது ஆகியவை சங்கத்தைப் பிளந்துவிடக்கூடியவை. இத்தகைய தொடர்பு உள்ளவர் அதைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே சொல்லி, அந்த முடிவு எடுக்கப்படும்போது வெளியே இருக்க வேண்டும். அதுவும் தீர்மானப் புத்தகத்தில் பதிவாக வேண்டும். கட்சி சார்பு யாருக்கும் இருக்கலாம். ஆனால் சங்கத்தின் பெயரையும் முத்திரையையும் தேர்தல் நேரத்தில் எவரும் பயன்படுத்தக் கூடாது.

வாடகைக்கு இருப்பவர்களை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை என்று பல சங்கங்கள் விதி வைத்திருக்கின்றன. அந்த விதியை மாற்ற நீங்கள் முயல வேண்டும். அவர்களும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள், அதே பள்ளத்தில்தான் வண்டி ஓட்டுகிறார்கள். பணியில் இருக்கும் இளைய தொழிலினரில் பலர் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள். அதுபோலவே, உங்கள் பகுதியின் பின்தெருவில் குடிசைகளில் இருப்பவர்களின் குழாயும் கழிவுநீரும் சங்கத்தின் மனுக்களில் இடம்பெறுகின்றனவா என்று பாருங்கள். கார் நிறுத்தும் இடத்துக்காக மட்டும் பேசும் சங்கத்துக்குத் தன்னைக் குடிமக்கள் சங்கம் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை குறைவு என்பது என் உறுதியான கருத்து. கூட்டத்தை எப்போதும் இரவு எட்டு மணிக்கு வைத்தால் பெண்கள் வருவது கடினம் என்பதையும் மறக்க வேண்டாம்.

நேரமும் பொறுப்பும்

என்னால் முடிந்ததைச் செய்கிறேன் என்ற வாக்கு யாருக்கும் பயன்படாது. மார்ச் மாதத்துக்குள் எங்கள் மூன்று தெருக்களின் வடிகால் மட்டத்தை அளந்து வரைபடம் தருகிறேன் என்று எல்லையும் முடிவுத் தேதியும் வைத்து ஒப்புக்கொள்ளுங்கள். மாதத்துக்கு நான்கு மணி நேரம்தான் முடியும் என்றால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள். செயலாளர் அதற்கேற்ப வேலையைப் பிரித்துக்கொள்வார். பகலில் அலுவலகங்களுக்குப் போய்வர இயலாதவர், ஓய்வு பெற்ற ஒருவரோடு இணைந்து, அவர் நேரில் எடுத்துச் செல்ல வேண்டிய தாள்களை முந்தைய இரவே தயாரித்துக் கொடுப்பது மிக நன்றாக நடக்கும் ஏற்பாடு.

பணி மாறுதலோ வீட்டு மாற்றமோ எந்த நேரமும் வரலாம் என்பதால், தொடங்கும்போதே உங்களோடு இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு, நீங்கள் போடும் ஒவ்வொரு விண்ணப்பத்தின் நகலையும் ஒப்புகையையும் அளவுக் குறிப்பையும் சங்கத்தின் கோப்பில் தேதி வரிசையில் வையுங்கள். புகார்களுக்கும் கடிதங்களுக்கும் உங்கள் சொந்த மின்னஞ்சலைப் பயன்படுத்தாமல் சங்கத்தின் பெயரில் ஒன்றைத் திறந்து, அதன் கடவுச்சொல்லைத் தலைவரிடமும் செயலாளரிடமும் ஒப்படையுங்கள். நிலுவையில் உள்ள மேல்முறையீடுகளின் கடைசித் தேதிகளைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டிவிட்டால், உங்கள் இடத்துக்கு வருபவர் மறுநாள் காலையிலேயே வேலையைத் தொடரலாம்.